இடது பக்கம் அரசர், வலது பக்கம் தம்பி

என் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் அவன் வயிற்றிலிருந்துதான் தொடங்க வேண்டும். அது எந்நேரமும் எரிந்துகொண்டே இருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் புது சைக்கிள் வாங்கினால் எரியும். பஸ்ஸில் எவனோ ஒருவனுக்கு ஜன்னலோர சீட் கிடைத்தால் எரியும். சின்ன வயதில் நான் கால் முறிந்து மாவுக்கட்டோடு கிடந்தபோது, பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் எனக்கே பழம் கொண்டுவருகிறார்களே என்று மாடிப்படியிலிருந்து குதித்துப் பார்த்தான். ஒரு எலும்புகூட முறியவில்லை. அதற்கும் சேர்த்து ஒரு மூச்சு அழுதான்.

கெட்டவன் இல்லை. அடுத்தவனுக்கு வந்ததைப் பிடுங்கிக்கொள்ள மாட்டான். தனக்கு வராமல் அவனுக்கு ஏன் வந்தது என்பதுதான் அவன் கேள்வி. அந்தக் கேள்வியோடு எழுந்து அந்தக் கேள்வியோடு படுக்கிற மனுஷனுக்கு அரண்மனையில் கைடு வேலை கிடைத்தது பாருங்கள், அதைப் பொருத்தம் என்பதா வேடிக்கை என்பதா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஏனென்றால் எங்கள் அரண்மனையே வயிற்றெரிச்சலில் எழும்பியதுதான். பக்கத்து நாட்டு ராஜா புது மண்டபம் கட்டி விருந்துக்குக் கூப்பிட்டாராம். நம் ராஜா போனார், சாப்பிட்டார், வாயாரப் பாராட்டினார். ஊர் திரும்பியதும் யாரோடும் பேசவில்லை. மறுபடி வாயைத் திறந்தபோது கொத்தனார்களைத்தான் கூப்பிட்டார். அந்த மண்டபத்துத் தூணைவிட இந்தத் தூண் ஒரு முழமாவது உயர்ந்திருக்க வேண்டும். அங்கே தரை வெள்ளைக்கல் என்றால் இங்கே வெள்ளையும் கறுப்பும். அங்கே கண்ணாடி அறை ஒன்று என்றால் இங்கே இரண்டு. ஒன்றில் ராஜா தன்னைப் பார்த்துக்கொள்வார், இன்னொன்று சும்மா பூட்டிக் கிடக்கும். தர்பார் மண்டபத்தின் உட்கூரையில் மேகமும் குதிரைகளுமாக ஒரு பெரிய ஓவியம். நடுவில் தேரில் நம் ராஜா நிற்பார். மூலையில் குள்ளமாக ஒரு ஆள் குடையைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க ஓடிவருவான். அந்தக் குடைக்காரன் வேறு யாருமில்லை, விருந்துக்குக் கூப்பிட்ட அந்தப் பக்கத்து நாட்டு ராஜாதான்.

இந்தக் கதையை என் அண்ணன் சொல்லித்தான் கேட்க வேண்டும். அவனுக்கு வெண்கலக் குரல். வேலை செய்கிற இடத்தில் அவனுக்கு 'ஸ்பீக்கர்' என்றே பெயர். நான் வாசலில் டிக்கெட் கொடுக்கிறவள், என் முகம் தெரிகிற அளவுக்கு ஒரு ஜன்னல், அதற்குப் பின்னால் ஒரு நாற்காலி. அங்கே உட்கார்ந்தபடியே அவன் எந்த அறையில் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறான் என்று எனக்குத் தெரிந்துவிடும். சில பேர் என் ஜன்னலுக்கு முன்னாலேயே நின்று கதையைக் கேட்டுவிட்டு டிக்கெட் வாங்காமல் போனதும் உண்டு.

அவன் கொடிகட்டிப் பறந்த இடம் படக்கூடம். நீளமான கூடம், இரண்டு பக்கச் சுவரிலும் எதிரெதிராக இரண்டே படங்கள், ஆள் உயரத்துக்கு. நாம் உள்ளே நுழைந்தால் இடது சுவரில் ராஜா, வலது சுவரில் அவர் தம்பி. ராஜாவுக்கு உப்பிய கன்னம், தூங்கி வழிகிற கண், கழுத்து என்று ஒன்று கிடையவே கிடையாது. தம்பி அப்படியில்லை. அந்த ஆள் நம்மிடம் ஏதோ சொல்ல வந்து சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்கிறாற்போல் இருப்பார். இரண்டையும் வரைந்தது ஒரே ஓவியர். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் தம்பி படத்தின் முன்னாலேயே நின்றுவிட்டார்களாம். ராஜாவுக்குப் பொறுக்குமா? ஜன்னல்கள் இருக்கிற சுவருக்குத் தம்பியை மாற்றிவிட்டார். இரண்டு ஜன்னலுக்கு நடுவில் மாட்டினால் நம் கண் கூசும், படம் இருட்டாகத்தான் தெரியும். அந்த ஜன்னல்களின் வெளிச்சமெல்லாம் எதிர்ச்சுவரில் இருக்கிற ராஜா மேல் விழும்.

அண்ணன் இதைச் சொல்லிவிட்டு, "எல்லாரும் கையை நெத்தியில வைங்க, வெயில்ல பார்க்கற மாதிரி!" என்பான். வந்த கூட்டம் மொத்தமும் கையை நெற்றியில் வைத்துக் கண்ணைச் சுருக்கும். மெல்ல மெல்லத் தம்பியின் முகம் தெரியவரும். "அடடா!" என்று ஒரு குரல் எழும். "ராஜாவுக்கு ஏன் வயிறு எரிஞ்சுதுன்னு இப்பப் புரியுதா?" என்று கேட்பான். கூடமே சிரிக்கும். அந்தச் சிரிப்புக்காகத்தான் அவன் உயிரோடு இருந்தான் என்றால் மிகையில்லை. அடுத்தவர் பொறாமையை இத்தனை அழகாகச் சொல்கிறவனுக்குத் தன் சங்கதி மட்டும் கண்ணில் பட்டதே இல்லை.

அண்ணியும் அங்கேதான் கைடு. பிள்ளைகள் வளர்ந்து வெளியூர் போன பிறகு வேலைக்கு வந்தவள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தால் அண்ணியிடம்தான் விடுவார்கள். அவளுக்குச் சின்னக் குரல். அது கேட்க வேண்டுமென்று பிள்ளைகள் அவளை ஒட்டிக்கொண்டு நிற்கும். நாற்பது பிள்ளைகள் இருந்தாலும் சத்தமே வராது. அண்ணன் அதைப் பார்த்து, "என்ன, பிள்ளைங்களைத் தூங்க வைக்கிறியா?" என்று கிண்டல் செய்வான். அண்ணியும் சிரிப்பாள். அதுவரை எல்லாம் நன்றாகத்தான் போனது.

எங்கள் கைடுகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. கூட்டத்தைப் பார்த்தபடியே பின்னுக்கு நடப்பார்கள். தன் வலது கையைத் தூக்குவார்கள், வாய் தானாக, "உங்க இடது பக்கம் பாருங்க" என்று மாற்றிச் சொல்லும். எதிரில் ஒரு முகம் இருந்தால் போதும், அவர்கள் நாக்கு பக்கத்தைத் திருப்பிவிடும். அண்ணி வீட்டில் சோறு போடும்போதுகூட, எதிரில் உட்கார்ந்திருக்கிற என்னிடம், "உன் இடது பக்கம் உப்பு இருக்கு" என்பாள், சரியாக இருக்கும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

புதிதாக வந்த அதிகாரி, நாங்கள் மேடம் என்போம், எல்லோரையும் கூப்பிட்டு ஒரு சேதி சொன்னார். வருகிறவர்கள் காதில் மாட்டிக்கொண்டு கேட்கிற மாதிரி ஹெட்போன் வரப்போகிறது. ஒவ்வொரு அறையிலும் அந்த அறையின் கதையை அது சொல்லும். அதற்கு ஒரு குரல் வேண்டும். எங்கள் கைடுகளிலேயே ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள்.

அண்ணன் அன்று என் ஜன்னலுக்கு வந்தபோது அவன் நெஞ்சு அவனுக்கு முன்னால் வந்தது.

"வேற யாரு இருக்கா சொல்லு? என்னை விட்டா இந்தக் கட்டடத்துல குரல்னு யாருக்கு இருக்கு?"

"யாருக்கும் இல்ல அண்ணே. போய் வெளுத்து வாங்கு."

ஒலிப்பதிவு செய்கிறவர் ஒல்லியான மனுஷர். ஆபீஸ் அறையில் போர்வையெல்லாம் தொங்கவிட்டு மைக் வைத்திருந்தார். அண்ணன் போய் உட்கார்ந்து ஒரு வரி படித்தான். அவர் காதிலிருந்ததைப் பிடுங்கிக் கீழே போட்டார். "சார், கொஞ்சம் மெதுவா." அண்ணன் மெதுவாகப் படித்தான். "சார், இன்னும் மெதுவா. நீங்க ஒருத்தர் காதுல பேசறீங்க, ஒரு ஊருக்கு இல்ல." அண்ணன் இன்னும் குறைத்தான். குரல் உடைந்து, பூனை கரகரப்பது மாதிரி வந்தது. அவன் வாழ்நாளெல்லாம் கடைசி வரிசைக்காரனுக்காகப் பேசியவன். பக்கத்தில் இருக்கிறவனிடம் பேச அவனுக்குத் தெரியாது. கதவோரம் நின்று பார்த்த நான் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய்விட்டேன்.

அண்ணியைத் தேர்ந்தெடுத்தார்கள்.

சேதி வந்தபோது அண்ணன்தான் முதலில் கை தட்டினான். எல்லோரையும் விடச் சத்தமாகத் தட்டினான். "என் பொண்டாட்டின்னா சும்மாவா!" என்றான். சாயங்காலம் வீட்டுக்குப் போனான், சட்டையைக் கழற்றினான், சுவரைப் பார்த்துப் படுத்தான். தலைவலி என்றான். அந்தத் தலைவலி பல வாரம் நீடித்தது.

அண்ணன் வீட்டுக்கு அடுத்த போர்ஷன் எங்களுடையது. நடுவில் ஒரே சுவர். அதனால் எனக்கு எல்லாம் தெரியும். அண்ணி ராத்திரி சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால், "குரல் தேய்ஞ்சுடப் போகுது, கத்தாதே" என்பான். அவள் பேச்சை எடுத்தால் குழாயைத் திறந்துவிடுவான். குளிக்கிற அறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொண்டு, வாளியிடம் அரண்மனைக் கதையை ரகசியக் குரலில் சொல்லிப் பழகுவான். வெளியே நின்று கேட்ட அண்ணி பாவம், "தொண்டை கட்டிடுச்சா?" என்று வெந்நீர் போட்டுக் கொடுத்தாள். அதையும் குடித்தான், முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு.

ஹெட்போன்கள் வந்தன. வாடகைக்குக் கொடுப்பது என் கவுண்டர் வேலை. மாட்டிக்கொண்டு போனவர்கள் திரும்பி வரும்போது முகத்தில் ஒரு அமைதி இருக்கும். "அந்த அம்மா எவ்வளவு நல்லாச் சொல்றாங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போவார்கள். அந்த நேரம் பார்த்து அண்ணன் பக்கத்தில் நின்றால் தீர்ந்தது. காதில் புகை வராத குறைதான்.

பிறகு இன்னொன்று ஆரம்பித்தான். ஹெட்போன் மாட்டிய ஆட்கள் எங்கே நிற்கிறார்களோ, அவர்கள் பக்கத்தில் தன் கூட்டத்தை நிறுத்திக் கத்துவான். தூணே அதிரும். ஒருநாள் வயதான ஒரு அம்மாள் ஒரு காதைத் திறந்துகொண்டு, "தம்பி, கோவிச்சுக்காதீங்க, கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. அந்தம்மா சொல்றது கேட்கமாட்டேங்குது" என்றார். அந்தம்மா யாரென்று அவருக்குத் தெரியுமா? அண்ணனுக்குப் பேய் அறைந்த மாதிரி ஆகிவிட்டது.

அன்று எனக்கும் பொறுமை போயிற்று.

"ஊர்ல சொந்தக்காரன் மேல பொறாமைப்படுவான், பக்கத்து வீட்டுக்காரன் மேல படுவான். கட்டின பொண்டாட்டி மேல பொறாமைப்படறவனை இப்பதான் பார்க்கறேன். வெட்கமா இல்ல உனக்கு?"

"யாருக்குப் பொறாமை? எனக்கா? குறை இருந்தா குறைன்னு சொல்லக்கூடாதா?"

"என்ன குறை கண்டே? சொல்லு பார்ப்போம்."

அவன் அதுவரை அவள் குரலைக் காதில் மாட்டிக் கேட்டதே இல்லை. கேட்டால் நன்றாக இருந்துவிடுமோ என்கிற பயம். நான் கேட்ட கேள்வியால்தான் மறுநாள் மத்தியானம், தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு, யாருமில்லாத நேரமாகப் பார்த்து என் ஜன்னலில் கையை நீட்டினான்.

"ஒண்ணு குடு. யார்கிட்டேயும் சொல்லாதே."

கொடுத்தேன். போனவன் வெகுநேரம் வரவில்லை. வந்தபோது அவன் முகத்தில் லைட் போட்டதுபோல் இருந்தது. அப்படி ஒரு சந்தோஷத்தை அவன் கல்யாணத்தன்றுகூட நான் பார்க்கவில்லை.

"தப்பு! தப்பு பண்ணிட்டா! படக்கூடத்துல வலது பக்கம் அரசர், இடது பக்கம் தம்பின்னு சொல்லியிருக்கா. மாத்திச் சொல்லிட்டா!"

எனக்கு முதலில் விளங்கவில்லை. அண்ணி அப்படித் தப்புச் செய்கிறவளா? பிறகு, பதிவு நடந்த விதத்தை அண்ணி முன்பு சொன்னது ஞாபகம் வந்து விளங்கியது. படக்கூடத்துக்கு மட்டும் எழுதிக் கொடுத்த தாள் நன்றாக இல்லையென்று, ஒலிப்பதிவுக்காரர், "பிள்ளைங்ககிட்ட எப்படிச் சொல்வீங்களோ அப்படிச் சொல்லுங்க" என்றிருக்கிறார். அண்ணி கண்ணை மூடிக்கொண்டு, கூடத்தில் பின்னுக்கு நடப்பதாக நினைத்துக்கொண்டு சொல்லியிருக்கிறாள். ராஜா இருக்கிற பக்கம் அவள் வலது கை தூக்கியிருக்கும். எதிரில் முகங்கள் இருந்தால் நாக்கு அதைத் திருப்பியிருக்கும். எதிரில் போர்வைதான் தொங்கியது. தன் கையை அப்படியே சொல்லிவிட்டாள்.

இதில் கூத்து என்னவென்றால் யாருமே கண்டுபிடிக்கவில்லை. படத்துக்குக் கீழே இருக்கிற பித்தளைத் தகட்டில் பெயர் இருந்ததுதான், துடைத்துத் துடைத்து எழுத்தே மறைந்துவிட்டது. வந்தவர்கள் தம்பியைப் பார்த்து, "ராஜான்னா இப்படி இருக்கணும்" என்று வியந்திருக்கிறார்கள். உப்பிய கன்னக்காரரைப் பார்த்து, "இவரா அழகு? அந்தக் காலத்துல இதுதான் அழகு போல" என்று சமாதானம் சொல்லிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

"சரி, போய் அண்ணிகிட்ட சொல்லு" என்றேன்.

"எதுக்கு? பெரியவர் வரட்டும்."

பெரியவர் என்றால் தலைமை அலுவலகத்தின் பெரிய அதிகாரி. அந்த வாரக் கடைசியில் வருவதாக இருந்தது. மேடம் எல்லோருக்கும் முன்னால் தெளிவாகச் சொல்லியிருந்தார்: "அவர் கேட்டுட்டு சரின்னு சொன்னா எல்லா அரண்மனைக்கும் இந்தக் குரல்தான். ஒரு தப்பு இருந்தாலும் மொத்தத்தையும் தூக்கிட்டு வெளியிலேர்ந்து ஒரு ரேடியோக்காரரைக் கூப்பிட்டுடுவேன். மறுபடி மறுபடி ரெக்கார்ட் பண்ணிக்கிட்டு இருக்க முடியாது."

"பெரியவர் கூடத்துல நிக்கும்போது நானே கையைத் தூக்கறேன்" என்றான் அண்ணன். "சார், அது அரசர் இல்ல, தம்பின்னு. எல்லார் முன்னாடியும். அப்பத் தெரியும் யாருக்கு அரண்மனை தெரியும்னு."

"பாவி" என்றேன். வேறு வார்த்தை வரவில்லை.

நானே சொல்லிவிடலாம் என்றுதான் சாயங்காலம் அண்ணியிடம் போனேன். அவள் புடவைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அவளிடம் சொன்னால் என்ன ஆகுமென்று அப்போதுதான் யோசித்தேன். அவள் ஒளிக்கத் தெரியாதவள். நேராக மேடத்திடம் போய், நான் தப்புச் செய்துவிட்டேன் என்று தானே சொல்லிவிடுவாள். மேடம் அன்றே ரேடியோக்காரருக்குப் போன் போடுவார். சொன்னாலும் போயிற்று, சொல்லாவிட்டாலும் போயிற்று. இஸ்திரி போட்டு முடித்த புடவையை எடுத்து மடிக்க ஆரம்பித்தேன்.

"கையும் ஓடல, காலும் ஓடல எனக்கு" என்றாள் அண்ணி. "பெரியவர் பக்கத்துலேயே நடந்து வரணுமாம். மேடத்துகிட்ட ஒண்ணு கேட்டு வாங்கிட்டேன். படக்கூடத்துல உங்க அண்ணனை நிக்கவைங்கன்னு. அது அவர் கூடம். அங்க அவர் நின்னாத்தான் எனக்குத் தைரியம்."

வாசற்படியில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த அண்ணன் இதைக் கேட்டான். அன்றைக்கு அவன் குழாயைத் திறக்கவில்லை.

மறுநாள் வார விடுமுறை. பெரியவர் வருகிறார் என்று படக்கூடத்துக்கு வெள்ளையடித்தார்கள். படங்கள் இரண்டையும் இறக்கித் தரையில் சாய்த்து, துணி போட்டு மூடியிருந்தது. அவற்றை மறுபடி மாட்டும்போது கூட இருக்கச் சொல்லி அண்ணனைக் கூப்பிட்டிருந்தார் மேடம். பெயர்த் தகடு தேய்ந்த படங்களுக்கு அவன்தானே பெயர்ப்பலகை. அவன் என்ன செய்யப்போகிறானோ என்று எனக்கு நிலைகொள்ளவில்லை. வெள்ளையடிப்பவர்களுக்கு டீ கொண்டுபோகிற சாக்கில் நானும் போனேன்.

அண்ணன் காதில் ஹெட்போனோடு கூடத்தின் நடுவில் தனியாக நின்றுகொண்டிருந்தான். படமில்லாத சுவர்களைப் பார்த்துக்கொண்டு அண்ணி சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தான். அவள் என்ன சொல்கிறாள் என்று எனக்கும் தெரியும், கவுண்டரில் சும்மா இருக்கும்போது பலமுறை கேட்டிருக்கிறேன். "ராஜாவுக்குத் தம்பி மேல பொறாமைதான். ஆனா அந்தப் படத்தை எரிக்கல, உடைக்கல. தன் படத்துக்கு நேர் எதிர்ல மாட்டி வச்சார். பொறாமைப்படறவங்களால கண்ணை எடுக்க முடியாது இல்லையா? இன்னிக்கும் தம்பியைத்தான் பார்த்துக்கிட்டே இருக்கார். அவ்வளவு பிடிக்கும்." இதே கதையில் அண்ணன் சிரிக்க வைப்பான். அண்ணி சொன்னால் சிரிப்பு வராது.

தச்சர் ஏணியோடு வந்தார். "எந்தப் படம் எந்தப் பக்கம்ண்ணே?"

அண்ணன் ஹெட்போனைக் கழற்றினான். துணியை விலக்கி ராஜாவைப் பார்த்தான். தம்பியைப் பார்த்தான். இத்தனை வருஷத்தில் அந்தத் தம்பியை அவன் நல்ல வெளிச்சத்தில் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன்.

"ராஜா ஜன்னல் பக்கம்" என்றான். "தம்பி அந்தச் சுவர்."

"அண்ணே!" என்றேன். அவன் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் நான் வாயை மூடிக்கொண்டேன்.

அவன் விட்டுக்கொடுத்தது என்னவென்று தச்சருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். தம்பி வெளிச்சத்துக்கு வந்துவிட்டால், கையை நெற்றியில் வைக்கச் சொல்கிற வேலை முடிந்தது. அவன் கதை போயிற்று. கூடம் சிரிக்கிற அந்தச் சிரிப்பும் போயிற்று.

பெரியவர் வந்தார். காதில் மாட்டிக்கொண்டு ஒவ்வொரு அறையாக நடந்தார். கூடவே மேடம், கூடவே அண்ணி. படக்கூடத்துக்குள் நுழைந்ததும் அண்ணியின் கால் நின்றுவிட்டது. அவள் இடது சுவரைப் பார்த்தாள், வலது சுவரைப் பார்த்தாள். தன் வலது கையை லேசாகத் தூக்கிப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது, தான் செய்த தப்பும், அண்ணன் செய்த தப்பும். மூலையில் நின்ற அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பெரியவர் காதில் குரல் சொன்னபடி வலது பக்கம் திரும்பி ராஜாவைப் பார்த்தார், இடது பக்கம் திரும்பித் தம்பியைப் பார்த்தார். தம்பி முன்னால் வெகுநேரம் நின்றார். "அருமை" என்றார். குரலுக்குச் சொன்னாரா தம்பிக்குச் சொன்னாரா தெரியவில்லை. மேடத்துக்கு ஏதோ உறுத்தியது, நெற்றியைச் சுருக்கி இரண்டு சுவரையும் பார்த்தார். ஆனால் அதற்குள் பெரியவர், "இந்தப் படம் வெளிச்சத்துல இருக்கறது ரொம்ப நல்லா இருக்கு, இப்படியே இருக்கட்டும்" என்றுவிட்டார். ராஜா சமாதியில் புரண்டு படுத்திருப்பார்.

அண்ணியின் குரலுக்கு அனுமதி கிடைத்தது. வீட்டில் அவர்கள் இருவரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதாக எனக்குத் தெரியவில்லை. நான் அண்ணனிடம் கேட்டேன்.

"தச்சர் எதிர்ல நின்னார், கை மாறிப்போச்சு" என்றான். இவனுக்காவது, கை மாறுவதாவது!

ஆனால் வினை அதன்பிறகுதான் வந்தது. வேலைக்கு வந்த நாளிலிருந்து வலது கையைத் தூக்கி, "உங்க இடது பக்கம் அரசர்" என்று சொன்ன வாய் அவனுடையது. படம் மாறியது, வாய் மாறவில்லை. ஒவ்வொரு கூட்டத்திடமும் ராஜாவைத் தம்பி என்றும் தம்பியை ராஜா என்றும் சொல்லி மாட்டிக்கொண்டான். ஹெட்போன் மாட்டிய யாராவது, "சார், இதுல வேற மாதிரி சொல்றாங்களே" என்பார்கள். அவர்கள் காதில் இருந்தது சரி, இவன் சொன்னதுதான் தப்பு. தினமும், எல்லோர் முன்னாலும். ஒருநாள் என் ஜன்னலில் வந்து நின்று, "அவளுக்கு ஒரு தப்பும் வரமாட்டேங்குது பாரேன்" என்றான். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டிருந்தேன்.

மழைக்காலம் முடிந்ததும் மேடம் சில அறைகளுக்குப் புதிதாகப் பதிவு செய்யச் சொன்னார். அண்ணி போய்விட்டு வந்தாள். எதை மாற்றினாள் என்று யாருக்கும் சொல்லவில்லை.

புதிய பதிவு வந்த அன்று அண்ணன் படக்கூடத்தில் வழக்கம்போல் நின்றிருக்கிறான். ஹெட்போன் மாட்டிய ஒரு பெருங்கூட்டம் உள்ளே வந்திருக்கிறது. நடுக்கூடத்துக்கு வந்ததும் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு அவனைப் பார்த்திருக்கிறார்கள். ஊசி விழுந்தால் கேட்கிற அமைதி. அவனுக்குத் தலைகால் புரியவில்லை. பதற்றத்தில் வலது கையைத் தூக்கி, "உங்க இடது பக்கம் அரசர்!" என்று முழங்கியிருக்கிறான். எல்லோரும் இடது பக்கம் திரும்பித் தம்பியைப் பார்த்தார்கள். பிறகு கூடமே சிரித்தது. பழைய சிரிப்புகூட அவ்வளவு பெரிதில்லை. என் கவுண்டர் வரை கேட்டது.

அவன் ஓட்டமும் நடையுமாக என்னிடம் வந்தான். முகம் சிவந்திருந்தது.

"என்ன சொல்லி வச்சிருக்கா அவ? எல்லாரும் ஒண்ணா கழட்டறாங்க, ஒண்ணா சிரிக்கறாங்க. நான் தொண்டை கிழியக் கத்தியும் ஒருத்தன்கூட அப்படி நின்னு பார்த்ததில்ல. அவ மெதுவா ஏதோ சொன்னா கேட்கறாங்க."

"வயிறு எரியுதா அண்ணே?"

"எரியுது" என்றான். இத்தனை வயதில் முதல்முறையாக ஒத்துக்கொண்டான். "ஒண்ணு குடு."

கொடுத்தேன். என் ஜன்னலுக்கு எதிரே நின்றே மாட்டிக்கொண்டான், தொப்பி எதுவும் போடாமல். படக்கூடத்துப் பதிவை வைத்தான். அது என்னவென்று நான் காலையிலேயே கேட்டுவிட்டேன். அண்ணி சொல்கிறாள்: "இந்தக் கூடத்தைப் பத்தி நான் சொல்லப் போறதில்ல. என்னைவிட நல்லாச் சொல்றவர் ஒருத்தர் உங்க எதிர்லேயே நிக்கறார். அவர் கை பக்கம் மாறிக் காட்டினா சிரிங்க, ஆனா கோவிச்சுக்காதீங்க, அது என்னால வந்தது. இப்ப காதுல இருக்கறதைக் கழட்டிடுங்க."

கழற்றச் சொல்கிற இடம் வந்துவிட்டதென்று அவன் முகத்தைப் பார்த்தே தெரிந்தது. வரிசையில் ஆட்கள் நின்றார்கள், டிக்கெட், டிக்கெட் என்று கை நீட்டினார்கள். அவன் வழியை மறித்துக்கொண்டு அங்கேயே நின்றான். கழற்றவில்லை.